வெறுங்கையோட இறங்காத

தண்ணிக்குள்ள ஒருத்தர் தத்தளிக்கிறதைப் பாத்தா நீ குதிக்காத. சாரணர், என்எஸ்எஸ், ஜூனியர் ரெட் கிராஸ், ஊர் இளைஞர் மன்றம்னு எந்தக் கூட்டத்துக்குப் பாதுகாப்பு கிளாஸ் எடுக்கப் போனாலும் இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் ஆகணும், உலகம் பூரா அப்படித்தான் சொல்லிக் குடுக்குறாங்க, அதுக்குக் காரணமும் சரியான காரணம். ஆனா ராமநாதபுரம் கடக்கரையில, முக்கால்வாசிப் பேரோட அப்பாவோ மாமாவோ கடலுக்குப் போற வீட்டுப் புள்ளைகளா உக்காந்திருக்கிற கூட்டத்துக்கு முன்னாடி இதைச் சொல்லும்போது எதிர்ல ஒரு அமைதி வரும் பாருங்க, அது சம்மதம் இல்ல. ஏதோ வெளியில இருந்து வந்து சொல்றாரு, கேட்டுக்குவோம்ங்கிற மரியாதை, அவ்வளவுதான். ரொம்ப காலமா அந்த அமைதி என்னைய உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

மத்த பாடத்துல இந்தச் சிக்கலே வராது. பாம்பன்ல ஏத்துற புயல் கூண்டைப் பத்தி ஆரம்பிச்சா நம்மளப் பேச விடமாட்டானுக. ஒண்ணுன்னா எங்கயோ தூரத்துல உருவாகிருக்கு, மூணுன்னா நம்ம பக்கமே திடீர்க் காத்து அடிக்கலாம், அஞ்சுல இருந்து அபாயம், பதினொண்ணுன்னா வானிலை ஆபீஸோட தொடர்பே அத்துப்போச்சு, எல்லாம் மனப்பாடம். 1077 மாவட்ட கண்ட்ரோல் ரூம், 1554 கோஸ்ட் கார்டு, 1093 கடலோரப் போலீஸ்னு நம்பரும் சொல்லுவானுக. 1964ல அடிச்ச புயல் ஒவ்வொரு வீட்லயும் ஒரு தாத்தா வழியாவோ ஆச்சி வழியாவோ வந்து உக்காந்திருக்கு, தனுஷ்கோடிய நான் போய் விளக்க வேண்டியதில்ல. இடி மின்னல்ல பனை மரத்தடியில ஒதுங்காதன்னா அதுக்கும் ஆளுக்கொரு கதை வச்சிருப்பானுக. திருக்கை முள்ளு குத்துனா தாங்குற அளவு சுடுதண்ணியில காலை அரை மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கணும்னு சொன்னப்ப ஒரு பொண்ணு எந்திரிச்சு, "எங்க வீட்ல தவிட்டை வறுத்து ஒத்தடம் குடுப்பாங்கண்ணே, அதுவும் சூடுதானே"ன்னு கேட்டுச்சு. சூடுதான்மா, அந்த வலி சூட்டுக்குத்தான் அடங்கும், தண்ணின்னா காயம் பூரா முங்கும்ங்கிறதுதான் வித்தியாசம், ஆனா முள்ளு உள்ள ஒடைஞ்சு நின்னா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்னு சொன்னேன். இப்படிக் கலகலன்னு போற கிளாஸ், குதிக்காதங்கிற இடத்துக்கு வந்ததும் மட்டும் கம்முனு ஆயிரும்.

அதை ஒடைச்சது தங்கச்சிமடம் பக்கம் பத்தாவது படிக்கிற ஒரு பையன். நான் வழக்கமான வரிசையச் சொல்லிக்கிட்டிருந்தேன், முதல்ல கத்தி ஆளைக் கூப்பிடு, கைக்கு எட்டுனா படுத்துக்கிட்டு கம்பை நீட்டு, எட்டலைன்னா கயிறோ காலிக் கேன் மாதிரி மிதக்குற பொருளோ வீசு, வத்தைங்கிற சின்னப் படகு கிடந்தா அதை எடு, இறங்குறது எல்லாத்துக்கும் கடைசி. அவன் கையைத் தூக்கிட்டு, "என் தம்பி முங்கிக்கிட்டு இருக்கான், நான் கரையில நின்னு கேன் தேடணுமாண்ணே?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, அவன் சிரிக்கல. நான் புத்தகத்துல இருக்குற பதிலச் சொன்னேன், நீயும் முங்கிட்டா உங்க அம்மாவுக்கு ரெண்டு புள்ள போயிரும்னு. அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "உங்களுக்குத் தம்பி இருக்கானாண்ணே?"ன்னு மட்டும் கேட்டான். இருக்கான். பெல் அடிச்சிருச்சு, கூட்டம் கலைஞ்சிருச்சு, ஆனா பஸ்ல பாலம் தாண்டி வர்ற வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கிட்டேதான் வந்தேன்.

சரியான காரணம்னா என்ன காரணம்

குதிக்காதன்னு சொல்றவங்க பயந்தாங்கொள்ளிங்க இல்ல. 2022 ஜூன் 5ல கடலூர் பக்கம் கெடிலம் ஆத்துல குளிக்கப் போன சின்னப் புள்ளைகளும் இளம் பெண்களுமா ஏழு பேரு செத்துப் போனாங்க, ஒருத்தரைத் தூக்கப் போய் இன்னொருத்தர்னு. 2023 பிப்ரவரியில விளையாட்டுப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்டத்து ஸ்கூல் பொண்ணுங்க நாலு பேரு கரூர் மாயனூர்ல காவிரியில போனாங்க. பேப்பர்ல இந்த மாதிரிச் செய்தியப் படிச்சுப் பாருங்க, நாலு பேர், அஞ்சு பேர்னு வர்றதுல பல நேரம் முதல்ல சிக்கினது ஒரே ஒரு ஆளாத்தான் இருக்கும், மிச்சப் பேரு பாசத்துல போனவங்க. முங்குறவன் சினிமாவுல மாதிரி கையத் தூக்கி காப்பாத்துங்கன்னு கத்த மாட்டான், கத்துறதுக்கு மூச்சு வேணும், அதுதான் அவன்கிட்ட இல்ல. உடம்பு நட்டுக்குத்தலா நிக்கும், வாய் தண்ணி மட்டத்துல முங்கி முங்கி எந்திரிக்கும், ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணிய அமுக்கிக்கிட்டே இருக்கும், பாக்குறவனுக்கு சும்மா நின்னு விளையாடுற மாதிரி தெரியும். அதிகபட்சம் ஒரு நிமிஷம், பல நேரம் அதுகூடக் கிடையாது. அந்த நேரத்துல நீ கிட்டப் போனா உன் தோள்தான் அவனுக்குப் படிக்கட்டு. ஏறிருவான். உன்னைய அமுக்கணும்னு இல்ல, மூச்சு மேல இருக்கு, அதுக்கு ஏறுறான்.

இதுல நீச்சல் தெரியும்ங்கிற பேச்சு வேற குறுக்க வரும். எங்க புள்ளைகளுக்கு நீச்சல் தெரியும், சரி, எந்தக் கடல்ல, எந்த மாசத்துல? ஒரே பாம்பன்ல நின்னு தெக்க பாத்தா ஒரு கடல், வடக்க பாத்தா ஒரு கடல். கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து அடிக்கிற ஆடி மாசத்துல தென்கடல் பக்கம் நிக்க முடியாது, அன்னைக்கே வடகடல் பக்கம் குளம் மாதிரி கிடக்கும், வாடைக்காத்து ஆரம்பிச்சா எல்லாம் தலைகீழ். அரிச்சல்முனையில ரெண்டும் சேர்ற எடத்துல வெளியூர்க்காரங்க செல்ஃபி எடுக்க முழங்கால் வரைக்கும் இறங்குறதைப் பாத்தா இங்க உள்ள பயலுக்கே பக்குனு இருக்கும், அடுத்த அடி மணலா பள்ளமான்னு அங்க யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு காத்தே இல்லாம வர்ற கடல் ஒண்ணு இருக்கு, கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெக்க, இந்தியப் பெருங்கடலோட கீழ்க் கோடியில அடிக்கிற காத்துல கிளம்பின அலை நாள்கணக்கா நடந்து வந்து இங்க கரையில ஏறும், வானம் தெளிவா இருக்கும், இலை அசையாது. 2024 மே 6ல கன்னியாகுமரி பக்கம் லெமூர் பீச்ல டாக்டருக்குப் படிச்சுக்கிட்டிருந்த அஞ்சு பேரு போனது அந்த மாதிரி ஒரு நாள்லதான், ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் அதுக்கு முன்னாடியே எச்சரிக்கை விட்டிருந்துச்சு. அலை பின்வாங்கும்போது இழுத்துட்டுப் போனா கரைய நோக்கி எதிர்த்து நீந்தாத, கரைக்குப் பக்கவாட்டா நீந்து, முடியலைன்னா மல்லாந்து மிதன்னு சொல்லிக் குடுக்குறோம். தனக்குன்னா ஒருவேளை அதைச் செஞ்சுருவான். இழுத்துட்டுப் போறது தம்பியா இருந்தா?

ஆக காரணத்துல எனக்குச் சந்தேகம் இல்ல. கேள்வியே வேற. ஒரு விதி சரியா இருக்கலாம், ஆனா கேக்குறவன் அதை அந்த நேரத்துல கடைப்பிடிக்கவே மாட்டான்னு உனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும்னா அப்புறம் நீ எதைச் சொல்லிக் குடுத்துட்டு வந்த? கடல்ல ஒருத்தன் விழுந்தா எந்தப் போட்டா இருந்தாலும் வலையக்கூட அறுத்து விட்டுட்டுப் போய்த் தேடுற ஊரு இது. தேடப் போன வள்ளத்தைப் பாத்து ஏன் போனன்னு இந்த ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க. அங்க வந்து நின்னுக்கிட்டு குதிக்காதன்னு சொன்னா, உங்க அப்பா மாதிரி இருக்காதன்னு சொல்ற மாதிரித்தான் அந்தப் புள்ளைக்குக் கேக்கும்.

சின்னப்பாலத்துல ஒரு அம்மா

பாம்பன் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்கப் போற பெண்கள் நிறைய பேரு. கண்ணாடிய மாட்டிக்கிட்டு, விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, இடுப்புல பையக் கட்டிக்கிட்டு முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசிய பாறையில இருந்து பிச்செடுக்குற வேலை. கூட வேலை செய்ற ஒருத்தரோட அங்க போயிருந்தப்ப ஒரு வீட்டு வாசல்ல பாசி காய்ஞ்சிக்கிட்டு இருந்துச்சு, அந்தம்மா பக்கத்துல உக்காந்து விரலுக்குத் துணி கிழிச்சிக்கிட்டே பேசுனாங்க. ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், கையெல்லாம் வெட்டுத் தழும்பு. பேச்சுவாக்குல அந்தப் பையன் கேட்டதைச் சொன்னேன். அவங்க துணியக் கிழிக்கிறத நிறுத்தல, தலையக்கூட நிமிரல.

"குதிக்காதன்னு சொன்னா எந்தப் புள்ள தம்பி கேக்கும்? நானே கேக்கமாட்டேன். வெறுங்கையோட எறங்காதன்னு சொல்லுங்க."

அப்புறம் அவங்க பாட்டுக்கு விளக்குனாங்க. ரெண்டு ரெண்டு பேராத்தான் முங்குவாங்களாம், மேல வந்ததும் முதல் பார்வை பாசிய இல்ல, கூட முங்குனவ தலை எங்கன்னுதான். ஒருத்திக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சுன்னா பக்கத்துல போகமாட்டாங்க, மிதப்பை அவ பக்கம் தள்ளி விட்டுட்டு ரெண்டு முழம் தள்ளி நின்னு, புடி புடின்னு பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பாங்க. "கிட்டப் போனா என்னையப் புடிச்சு அமுக்கிருவா. அவ மேல தப்பில்ல, உசுரு அப்படி." இதைச் சொல்லும்போது மட்டும் நிமிந்து பாத்தாங்க.

புத்தகத்துல இது இல்லைன்னு இல்ல. வரிசையோட கடைசியில, தவிர்க்க முடியாம இறங்க வேண்டி வந்தா மிதவையோடு இறங்கவும்னு ஒரு வரி பொடி எழுத்துல கிடக்கும். அந்தம்மா அந்தக் கடைசி வரியத் தூக்கி முதல்ல வச்சிட்டாங்க. எனக்கு என்ன புரிஞ்சுதுன்னா, குதிக்காதன்னா அந்த நேரத்துல அந்தப் புள்ளையோட கைக்கு வேலையே இல்ல, சும்மா நில்லுன்னு அர்த்தம், பதறுறவன் சும்மா நிக்கவே மாட்டான். வெறுங்கையோட இறங்காதன்னா கைக்கு உடனே ஒரு வேலை வந்துருது, எதையாவது எடுக்கணும், எடுக்கத் திரும்புனா அங்க நிக்கிற ஆளு கண்ணுல படுவாங்க, வாயில இருந்து சத்தம் வரும், கயிறு இருக்குறது தெரியும், கையில கேன் வந்ததும் வீசுனாலே எட்டுற தூரம்தான்னு பல நேரம் தோணும். தேடுற அந்த சில செகண்ட்ல குதிக்கிறதுக்கான அவசியமே பாதி காணாமப் போயிருது. அப்படியும் இறங்குனா கையில மிதப்போட இறங்குறான். அந்தப் பையன் கேட்டதுக்கு இதுதான் பதிலான்னு கேட்டா முழுசா இல்ல, ஆனா கேன் தேடுறது கோழைத்தனம் இல்லைங்கிற அளவுக்காவது பதில். பத்து வயசுக்குக் கீழ உள்ளதுககிட்ட மட்டும் நான் இன்னமும் பழைய வரியத்தான் சொல்றேன், அதுக ஓடிப்போய் பெரிய ஆளைக் கூட்டிட்டு வந்தாலே போதும்.

கேன் வீசுற கதை

இப்ப கிளாஸ்ல பாதி நேரம் இதுதான். அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேன், கழுவி மூடி இறுக்குனது, கைப்பிடியில பதினஞ்சு மீட்டர் நைலான் கயிறு. அரியமான்ல வாடை எடுக்க ஆரம்பிச்ச நேரத்துல ஒரு தடவை செஞ்சு பாத்தோம், இடுப்பளவு தண்ணியில ரெண்டு பெரிய பசங்க நின்னு முங்குற மாதிரி நடிக்க, மத்தவங்க கரையில இருந்து வீசணும். முதல்ல வீசுனவன் நல்ல பலசாலி, கபடி பிளேயர், சுத்தி வீசுனான், கேன் காத்துல எந்திரிச்சு திரும்பி வந்து அவன் காலடியிலேயே விழுந்துச்சு. அடுத்தவனுக்கும் அதேதான், ஒரே சிரிப்பு. மூணாவதா வந்த ஒல்லிப் பையன் எதுவும் பேசாம மூடியத் திறந்து ரெண்டு கை கடல் தண்ணிய உள்ள ஊத்தி மூடிட்டு வீசுனான், நேரா போச்சு. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன், "வெத்துக் கேனு காத்துல நிக்காதுல்லண்ணே"ன்னான், அவ்வளவுதான். அடியில ரெண்டு விரக்கடை தண்ணி இருந்தா போதும், கேன் எடை கூடி காத்தை வெட்டிட்டுப் போகும், மிதக்குறதுக்கும் குறை வராது. தண்ணிக்குள்ள ஒரு ஆளோட எடை கொஞ்சம்தான், மூக்கையும் வாயையும் மேல வச்சுக்கிட்டா பிழைச்சுக்குவான், அதுக்கு இந்தக் கேன் தாங்கும். ரெண்டு கேனைச் சேத்துக் கட்டுனா இன்னும் நல்லது.

அன்னைக்கு நல்லா வீசுனது ஒரு ஒம்பதாவது பொண்ணு. ஆளைப் பாத்து வீசாம ஆளுக்கு அந்தப் பக்கம் வீசுச்சு, கயிறு தோள் மேல போய் விழுந்துச்சு, அப்புறம் இழுத்தா கேன் தானா கைக்கு வரும். வீசிட்டு உடனே மணல்ல உக்காந்து குதிகாலை ஊணிக்கிச்சு. நின்னுக்கிட்டே இழுத்த கபடி பிளேயரை தண்ணிக்குள்ள நின்னவன் ஒரே இழுப்புல உள்ள சாச்சுட்டான், முங்குறவன் பலம் எவ்வளவுன்னு நான் வாயால சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. கேனோட இறங்குறதையும் பழக்குறோம், ரெண்டு கை தூரத்துல நில்லு, கேனை முன்னாடி தள்ளு, பேச்சுக் குடு, அவன் உன்னைப் புடிச்சுட்டா மேல வரப் பாக்காத, கீழ முங்கு, விட்டுருவான்.

கரைக்குக் கொண்டு வந்த பிறகு நடக்குற கூத்து தனி. வயித்தை அமுக்குறது, காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்குறது, பானை மேல குப்புறப் போட்டு உருட்டுறது, இதெல்லாம் வேணவே வேணாம், வாந்தி நுரையீரலுக்குள்ள போயிரும், நேரமும் போயிரும். மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோட வாய் வச்சு மூச்சு குடுத்துட்டு அப்புறம் நெஞ்சு நடுவுல 30 தடவை அமுக்கி 2 மூச்சு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகத்துல, 108 வர்ற வரைக்கும். எந்திரிச்சு உக்காந்து டீ குடிச்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இதை பொம்மை இல்லாம சொல்லிக் குடுக்குறது கஷ்டம், தலையணைய வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

பெரிய தலைவலி பர்மிஷன்தான். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் புள்ளைகளத் தண்ணிப் பக்கமே கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு பயம் எல்லாப் பக்கமும் வரும், ஹெட்மாஸ்டர் மேல தப்பு சொல்ல முடியாது, ஏதாச்சும் ஆனா முதல்ல பதில் சொல்ல வேண்டியது அவருதான். ஆனா கூட்டிட்டுப் போகலைன்னா அதுக தானா போகாதா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு படகு கட்டுற ஜெட்டிப் பாலத்துல பாத்தா பூரா நம்ம கிளாஸ் புள்ளைகதான் குதிச்சுக்கிட்டு இருக்கும். அதனால பர்மிஷன் கிடைக்காத ஸ்கூல்ல கிரவுண்டுல புழுதியிலயே வீசிப் பழகுறோம், சுண்ணாம்புல கோடு போட்டு அதைக் கரைன்னு வச்சுக்கிட்டு. முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனா அங்க கடல் இல்ல, கண்மாயும் ஊருணியும்தான், மழைக்குப் பிறகு நிறைஞ்சு கிடக்கும்போது மண் அள்ளுன குழி எங்க இருக்குன்னே தெரியாது. அங்க கேனுக்கு எங்க போறதுன்னு கேட்டாங்க. 2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில மூணு பெண்கள் கட்டியிருந்த சேலையவே வீசி, முங்குன நாலு பேர்ல ரெண்டு பேரை இழுத்துப் போட்டாங்க, அரசு கல்பனா சாவ்லா விருது குடுத்துச்சு. அதைச் சொன்னதும் புள்ளைக தானாவே துப்பட்டா, துண்டு, கிணத்துக் கயிறு, சைக்கிள் டியூப்னு அடுக்க ஆரம்பிச்சிருச்சுக.

இப்ப ஓடிக்கிட்டிருக்குற பஞ்சாயத்து வேற. கிளாஸ் முடிஞ்சு போகும்போது ஜெட்டித் தூண்ல கயிறோட ஒரு கேனைக் கட்டித் தொங்க விட்டுட்டு வர்றோம், ரெண்டு நாள்ல காணாமப் போயிருது. டீசல் வாங்க யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்க, கயிறு அதுக்கு முன்னாடியே போயிரும். சிவப்பு பெயிண்ட் அடிச்சுப் பாத்தோம், சிவப்புக் கேனும் போச்சு. தங்கச்சிமடம் பக்கம் பசங்க கரையோரத்துக் குருசடி, அதாவது சிலுவை வச்ச சின்னக் கோயில், கம்பத்துல கட்டிட்டானுக, அங்க இருந்து யாரும் எடுக்குறதில்ல, இதுவரைக்கும் இருக்கு. தொண்டியில எங்க கட்டுறதுன்னு பேசிக்கிட்டு இருக்கோம், ஜமாத்துப் பெரியவர் ஒருத்தரு ஐஸ் கம்பெனி வாசல்ங்கிறாரு, பயலுக டீக்கடை வாசல்ங்கிறானுக. டீக்கடைக்குள்ள வச்சா ராத்திரி ஷட்டரை இறக்கிருவாரேன்னு நான் கேட்டதுக்கு, வெளியில ஆணி அடிச்சுக்கலாம்ண்ணேன்னு சொல்லிட்டு ஆணி வாங்க ஏங்கிட்டயே காசு கேக்குறானுக.